எறியாமல் வைத்திருப்போம்: ஈழத்துத் தமிழ்ப் படங்கள் குறித்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் வந்து சேர்ந்த நகரத்தில் எம்மவர் ஒருவர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் மரக்கறி, கருவாடு, தொலைபேசி அட்டை. பின்பக்கச் சுவர் முழுக்க வீடியோக் கசெற்றுகள். சிவாஜிக்கு ஒரு தட்டு, எம்.ஜி.ஆருக்கு ஒரு தட்டு, ரஜனிக்கும் கமலுக்கும் இரண்டிரண்டு தட்டுகள். ஒருநாள் அவரிடம் 'பொன்மணி' இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆர் நடிச்சது?"

"எங்கட ஆக்கள்தான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "எங்கட ஆக்கள் படமும் எடுத்தவையோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். வின்சரும் வெலிங்டனும் றீகலும் மனோகராவும் ஓடிய யாழ்ப்பாணம் அவருக்குக் கேள்விப்பட்ட ஊர். அவர் அறிந்த சினிமா, ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடியவிடிய மூன்று படம் பார்த்த சினிமா. அந்தக் கசெற்றுகளில் எங்கள் படம் இருக்கவில்லை. ஆகவே எங்களுக்குப் படமே இருக்கவில்லை என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை.

அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

*

எடுத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் 'சமுதாயம்' என்ற படத்தோடு இலங்கையில் தமிழ்ப்பட முயற்சி ஆரம்பமாயிற்று. பதினாறு மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அதே காலத்தில் மலையகத்துத் தோட்ட வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு 'தோட்டக்காரி' வந்தது. 1966இல் எம். வேதநாயகம் ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்தைத் தழுவி 'கடமையின் எல்லை'யை உருவாக்கினார். 1972இல் கட்டடக்கலைஞர் வி.எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தார், இயக்கியவர் டபிள்யூ.எஸ். மகேந்திரன். தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்' என்று தொடர்ந்தார். 1976இல் 'கோமாளிகள்', 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று'. எல்லாவற்றையும் கூட்டினால் முப்பதுக்குச் சற்றுக் குறைவாக வரும். தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலில் இந்த முயற்சிகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார். அப்படியான ஒருவரின் பொறுமை இல்லாவிட்டால் படங்களோடு பெயர்களும் போயிருக்கும்.

எழுபதுகளில் இவை கூடுதலாக வந்ததற்குக் காரணம் உண்டு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் ஆரம்பிக்கப்பட்டு, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. தமிழகப் படங்கள் குறைந்தன. தியேட்டர்களில் இடம் கிடைத்தது. கையில் சொற்ப காசும் நெஞ்சில் பெரிய ஆசையும் வைத்திருந்தவர்கள் படம் எடுக்கத் துணிந்தார்கள். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் தொலைக்காட்சி வந்தது, 1982இல் ரூபவாஹினி வந்தது, அவற்றின் பின்னால் வீடியோ டெக் வந்தது. பலர் காணியை விற்று, கடன்பட்டு எடுத்த படங்கள் சில நாட்கள் ஓடிப் பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

*

ஒரு படம் எப்படி அழிகிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் தியேட்டரில் பார்ப்பது கொப்பி. கமராவுக்குள் ஓடிய சுருள்தான் நெகட்டிவ். நெல்லுக்கு விதைநெல் எப்படியோ, படத்துக்கு நெகட்டிவ் அப்படி. கொப்பி தேய்ந்தால் நெகட்டிவிலிருந்து இன்னொன்று அடிக்கலாம். நெகட்டிவ் போனால் மிஞ்சியிருக்கும் கொப்பிதான் தஞ்சம். தமிழகப் படத்துக்குத் தமிழ்நாடு முழுக்க, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று ஏராளம் கொப்பிகள் அடித்தார்கள். எங்கள் படத்துக்குச் சந்தை அந்தச் சின்னத் தீவின் ஒரு பகுதி மட்டுமே. அடித்த கொப்பிகளை விரல்விட்டு எண்ணலாம்.

அந்தக் கொப்பிகளும் சும்மா வைத்தாலே சாகும். ஐம்பதுகளுக்குப் பிறகு பயன்படுத்தப்பட்ட அசற்றேற் சுருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மெல்ல மெல்ல உடைந்து அமிலத்தை வெளிவிடும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணம் அடிக்கும். அந்த அமிலமே மேலும் அழிவை வேகப்படுத்தும். சுருள் சுருங்கும், வளையும், கடைசியில் தொட்டாலே உடையும். ஒரு பெட்டியில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். கலர்ப் படம் என்றால் நீலமும் பச்சையும் போய்ச் சிவப்பு மட்டும் நிற்கும். குளிரூட்டிய, ஈரமில்லாத அறை வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு தயாரிப்பாளரின் வீட்டு மேல்மாடியில் அது எப்படிக் கிடைக்கும்? போதாததற்குக் கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி இருக்கிறது. உலகம் முழுவதும் பழைய படங்களை உருக்கி வெள்ளி எடுத்திருக்கிறார்கள். ஓடாத படத்துக்கு அதுதான் கடைசி வசூல்.

இவை எல்லா நாட்டுக்கும் பொதுவான அழிவுகள். எங்களுக்கென்று தனியாக ஒன்று வந்தது. 1983 யூலையில் கொழும்புக்கு அண்மையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அதன் உரிமையாளர் கே. குணரத்தினம் ஒரு தமிழர். சினிமாஸ் லிமிற்றெட் என்ற நிறுவனத்தின் மூலம் சிங்களச் சினிமாவை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' அவருடைய தயாரிப்பு. அந்தத் தீயில் வெந்து போனவற்றில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் இருந்தன. தமிழனின் சொத்து என்று வைத்த தீ, வைத்தவர்களின் சொந்த மொழியையும் சேர்த்தே எரித்தது. அதே நாட்களில், சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1983இல் தப்பினார். 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்ற கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் அங்கே எரிந்த அச்சுப் புத்தகங்களில் பலவற்றுக்குச் சென்னையிலோ லண்டனிலோ இன்னொரு பிரதி இருந்தது. ஏட்டுச்சுவடிக்கு இருக்கவில்லை. படத்தின் நெகட்டிவும் ஏட்டுச்சுவடி மாதிரித்தான்: ஒன்றே ஒன்று. 'குத்துவிளக்கு' எடுத்த அதே துரைராஜாதான் பின்னாளில் அந்த நூலகம் சாம்பலிலிருந்து எழுவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நூலகத்துக்காக நாம் அழுதோம், காசு சேர்த்தோம், ஊர்வலம் போனோம். படங்களுக்காக யாரும் ஒரு கூட்டம்கூடக் கூட்டியதாக எனக்கு நினைவில்லை.

*

இங்கே ஒரு கேள்வி எழும். நண்பர்களிடம் இதைப் பேசும்போதெல்லாம் எழுந்திருக்கிறது. "அந்தப் படங்கள் அப்படி என்ன திறமான படங்கள்? கோடம்பாக்கத்தைப் பார்த்துப் பிரதிபண்ணினதுதானே?"

இதை மழுப்பக்கூடாது. பல படங்கள் அப்படித்தான். கொக்குவிலில் இருக்கிற வீட்டுக்குள் கோடம்பாக்கத்துத் தமிழ் பேசினார்கள். கதாநாயகன், வில்லன், காதல் பாட்டு, கடைசியில் சண்டை. அந்த நாளிலேயே விமர்சகர்கள் இதைச் சொல்லிக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. தமிழகப் படத்தோடு பழகிய சனமும் இவற்றைப் பார்த்துச் சிரித்தது. "சிலோன் படம்" என்பது ஏளனச் சொல்லாக இருந்தது.

ஆனால் எல்லாம் அப்படி அல்ல. 'கோமாளிகள்' வானொலியில் புகழ்பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்திலிருந்து வந்தது. எஸ். ராமதாஸ் மரிக்காராகவும், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், உபாலி செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழ் பேசும் உபாலியாகவும் வந்தார்கள். முஸ்லிம் தமிழும், ஐயர் தமிழும், யாழ்ப்பாணத் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும் ஒரே வீட்டுக்குள் நின்று ஒன்றையொன்று கேலி செய்த ஒரு காலம் இருந்தது. ஏழு வருடங்களில் அது முடிந்துவிட்டது. சிரிப்புப் படம் என்று நாம் தள்ளிவைத்தது இன்று ஒரு சரித்திர ஆவணம்.

'வாடைக்காற்று' செங்கை ஆழியானின் நாவல். நெடுந்தீவுக் கடற்கரைக்கு வந்து வாடி போடும் மீனவர்களின் கதை. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். நாவல் இன்றும் அச்சில் கிடைக்கிறது. எழுத்தாளன் எழுதிவைத்த கடற்கரையை வாசிக்கலாம். கமரா பிடித்த கடற்கரையைப் பார்க்க ஒரு நல்ல கொப்பி வேண்டும்.

'பொன்மணி'யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. 'அஹஸ் கவ்வ' (1974) என்ற முதற்படத்திலேயே சிங்களச் சினிமாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். எழுபதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்தார். அங்கே கிடைத்த நட்புகளிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது. திரைக்கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. எழுத்தாளர் நந்தி, நாடகக்காரர் குழந்தை ம. சண்முகலிங்கம், சித்திரலேகா மௌனகுரு போன்றவர்கள் நடித்தார்கள். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத முகங்கள். கதை சாதியையும் சீதனத்தையும் பற்றியது. குமர்ப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தளர்ந்துபோகும் ஒரு வீட்டைப் பற்றியது. எங்கள் வீட்டு விறாந்தையில் நாங்கள் பேசாமல் இருந்ததை ஒரு சிங்களவர் வந்து படமாக எடுத்துக் காட்டினார். சனம் ரசிக்கவில்லை. வசூலும் இல்லை. 1977இல் அதற்கு வேறு தலைவிதி இருக்க முடியுமா என்று இன்று யோசிக்கிறேன். அந்த வருடம் ஓகஸ்ட்டிலேயே கலவரமும் வந்தது.

இனி அந்தத் தரங்குறைந்த படங்களுக்கு வருகிறேன். அவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றே சொல்வேன். கதாநாயகன் கோடம்பாக்கத்துத் தமிழில் வசனம் பேசிக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையும் கிடுகு வேலியும் கோடம்பாக்கத்தைப் பிரதிபண்ணத் தெரியாதவை. இயக்குநர் கவனிக்காமல் விட்டதைக் கமரா கவனித்திருக்கும். தெருவால் போன மனிதர், பஸ்ஸின் பெயர்ப்பலகை, கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ், பின்னால் கேட்ட கோயில் மணி. போருக்குப் பிறகு அந்த ஊர்களுக்குப் போனவர்கள் அடையாளம் பிடிக்க முடியாமல் நின்ற இடங்கள் அவை. நல்ல படத்தைக் காப்பாற்றுவது கலைக்காக. கூடாத படத்தையும் காப்பாற்றுவது சாட்சிக்காக.

*

அழிந்த படம் மீளுமா? மீண்டிருக்கிறது. உலகத்தில் நடந்த சில கதைகளைச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது.

நோர்வேயில் இருப்பவர்களுக்கு டிகமார்க் தெரிந்திருக்கும். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள மனநல மருத்துவமனை. டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரெயர் 1928இல் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஒவ் ஆர்க்' மௌனப்படத்தின் மூல நெகட்டிவ் அதே வருடம் பேர்ளினில் எரிந்தது. விடுபட்ட காட்சித் துண்டுகளைக் கொண்டு அவர் இரண்டாவது நெகட்டிவ் ஒன்றைத் தொகுத்தார், அதுவும் எரிந்தது. ஐம்பது வருடங்களாக உலகம் வெட்டுப்பட்ட, சிதைந்த கொப்பிகளையே பார்த்தது. 1981இல் டிகமார்க்கில் ஒரு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது சில பெட்டிகள் வந்தன. உள்ளே டிரெயரின் முதற்படைப்பின் கொப்பி இருந்தது. ஜேர்மனியப் படமான 'மெற்றோபொலிஸ்' 1927இல் வெளியாகிச் சில மாதங்களில் வெட்டப்பட்டது. வெட்டிய பகுதிகள் போனது போனதுதான் என்றிருந்தார்கள். 2008இல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரத்து நூதனசாலை ஒன்றிலிருந்து பதினாறு மில்லிமீற்றர் கொப்பியாக அவை கிடைத்தன. இரண்டு படங்களும் பிறந்த நாட்டில் கிடைக்கவில்லை. கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில் கிடைத்தன.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' இன்னொரு மாதிரி. அபு முத்தொகுப்பின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லாப்பில் ஏற்பட்ட தீயில் அகப்பட்டன. உருகியும் ஒட்டியும் உடைந்தும் மிஞ்சியவை லொஸ் ஏஞ்சல்ஸுக்கு, ஒஸ்கார் விருது வழங்கும் அக்கடமியின் காப்பகத்துக்குப் போயின. அன்றைக்கு அவற்றை ஒன்றும் செய்ய வழி இல்லை. ஆனாலும் ஒருவரும் எறியவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு இத்தாலியில் பொலோஞா நகரத்து நிபுணர்கள் அந்தச் சுருள்களுக்கு ஈரமூட்டி இளக்கி, துண்டு துண்டாகப் பொருத்தினார்கள். கைவேலை மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மணித்தியாலம். 'பதேர் பாஞ்சாலி'யின் நாற்பது வீதத்துக்கு மேற்பட்ட பகுதி அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுக்கப்பட்டு 2015இல் இறுவட்டாகவும் வந்தது.

நெகட்டிவே இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஜி. அரவிந்தனின் 'தம்பு' மலையாளப் படத்துக்கு மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. புனேயிலுள்ள தேசிய திரைப்படக் காப்பகத்தின் கொப்பியிலிருந்து நகல் நெகட்டிவ் உண்டாக்கி, மும்பையின் 'பிலிம் ஹெரிற்றேஜ் பவுண்டேஷன்' அதைச் செப்பனிட்டு 2022இல் கான் விழாவில் காட்டியது. அடுத்த வருடம் 'இஷானு' என்ற மணிப்புரிப் படம் அங்கே போனது. மணிப்புரி ஒரு சிறிய மொழி. படத்துக்குச் சனத்தொகை தேவையில்லை; ஒரு கொப்பியும் ஒரு ஆளும் தேவை. தமிழகத்தில் பந்துலுவின் 'கர்ணன்' (1964) செப்பனிடப்பட்டு 2012இல் மறுபடி தியேட்டருக்கு வந்து நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. பழைய படத்துக்கு யார் வருவான் என்ற வியாபாரக் கேள்விக்கு அது பதில்.

எங்கள் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. லெஸ்டரின் 'கம்பெரலிய' அமெரிக்காவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் செப்பனிடப்பட்டு 2008இல் கானிலும், 'நிதானய' 2013இல் வெனிஸிலும் காட்டப்பட்டன. சுமித்திரா பீரிஸின் 'கெஹெணு லமய்' (1978) 2025இல் கான் விழாவுக்கு வந்தது; இந்தியா, இலங்கை, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. லெஸ்டர் தன் நாட்டில் ஒரு தேசிய திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டே 2018இல் இறந்தார். ஆனாலும் அவருடைய சில படங்கள் பிழைத்தன. காரணம், அவற்றைக் கேட்டு அலைய அவரும் மனைவியும், வெளிநாட்டு நண்பர்களும், அவர்கள் பெயரில் ஒரு மன்றமும் இருந்தன.

தமிழ்ப் படத்துக்கு இது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டவுடன் எங்கள் வாயில் வரும் பதில் எனக்குத் தெரியும். அதில் உண்மையும் உண்டு. ஆனால் முழு உண்மை அல்ல. எத்தனையோ சிங்களப் படங்களும் போய்விட்டன. பிழைத்தவை யாரோ ஒருவர் கதவைத் தட்டியதால் பிழைத்தன. எங்கள் படங்களுக்காக நாம் எந்தக் கதவைத் தட்டினோம்?

*

கதவைத் தட்டுவதற்குமுன் என்ன கேட்கப்போகிறோம் என்பது தெரியவேண்டும். செப்பனிடுதல் என்பது மினுக்குதல் அல்ல. முதல் வேலை தேடுதல்: எங்கெங்கே என்னென்ன கொப்பி, எத்தனை றீல், எது முழுமை. இரண்டாவது, கழுவிச் சுத்தம் பண்ணி, கிழிந்த பல்லுகளை ஒட்டி, ஒவ்வொரு சட்டமாக ஸ்கான் பண்ணுதல். ஒரு செக்கனுக்கு 24 சட்டம், நிமிடத்துக்கு 1440. இரண்டரை மணித்தியாலப் படமென்றால் 2,16,000 சட்டங்கள். மூன்றாவது, கீறலையும் தூசியையும் நீக்கி, அசைவை நிறுத்தி, ஒளியைச் சமன்படுத்தி, ஒலியைத் தனியாகத் துப்புரவாக்குதல். நாலாவது, படத்தோடு வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போது அவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேட்டல். பத்திராஜ 2018இல் காலமானார். காவலூர் இராசதுரை 2014இல். இந்த நாலாவது வேலைக்குக் காலம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இப்போது கணினி தானாகவே பழைய படத்தைக் கூர்மையாக்கித் தருகிறது. யூடியூப்பில் அப்படிப் பல கிடக்கின்றன. முகங்கள் மெழுகுபோல வழுவழுப்பாக இருக்கும். இல்லாத கண்ணிமையைக் கணினி வரைந்திருக்கும். அது செப்பனிடுதல் அல்ல, ஒப்பனை. சாட்சிக்காகக் காப்பாற்றுவோம் என்று சொன்னேன். சாட்சியின் முகத்தை மாற்றிவிட்டு என்ன பயன்?

இவ்வளவும் செய்த பிறகு படம் எங்கே போகவேண்டும்? விழாவில் ஒருநாள் காட்டினால் போதாது. நாங்கள் ஒரு ஊரில் இல்லை. ஒரு தியேட்டரில் எங்களைக் கூட்ட முடியாது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் வன்னியிலும் இருக்கிற ஒரு சனத்துக்கு வீடுதான் தியேட்டர். அதனால்தான் இறுவட்டு என்று பிடிவாதமாகக் கேட்கிறேன். இணையத்தில் போட்டால் போதும் என்பார்கள். போடட்டும். ஆனால் இன்று இருக்கிறது நாளை எடுத்துவிடுவார்கள். உரிமை யாருடையது என்று ஒரு கடிதம் வந்தால் காணாமல் போகும். இறுவட்டு அலுமாரியில் இருக்கும். அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், சிங்களம் என்று அடியெழுத்து இருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த மொழிகளின் வழியாகத்தான் அம்மம்மா பேசிய தமிழ் விளங்கப் போகிறது. கூடவே ஒரு சிறு புத்தகம்: யார் எடுத்தது, எங்கே எடுத்தது, யார் கடன்பட்டது.

*

இனி எங்கள் வேலை. நான் சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் உள்ள பொது விஷயம் இதுதான்: எங்கேயோ ஒருவர், பெறுமதி தெரிந்தோ தெரியாமலோ, எறியாமல் வைத்திருந்தார். டிகமார்க்கில் அலுமாரிக்குள் வைத்தவருக்கு அது என்ன படம் என்றே தெரிந்திருக்காது.

நாமும் வெளிக்கிட்டபோது எதையெதையோ கொண்டுவந்தோம். எண்பதுகளில் ஊரில் யாரோ பதிந்து தந்த கசெற், கொழும்பிலிருந்து சிநேகிதன் அனுப்பிய கசெற், மாமாவின் கலியாணவீட்டு வீடியோவின் பின்பாதியில் பதிந்து கிடக்கும் அரைப் படம். கட்டிலுக்குக் கீழேயும் நிலவறையிலும் அவை கிடக்கின்றன. வீடு மாறும்போது குப்பையில் போடுகிறோம். காந்த நாடாவுக்கு ஆயுள் இருபது முப்பது வருடம் என்று சொல்வார்கள். எங்கள் கசெற்றுகள் அதைக் கடந்துவிட்டன. வீ.எச்.எஸ். டெக் உற்பத்தி 2016இல் உலகம் முழுவதும் நின்றுவிட்டது. பழைய டெக் ஓடுகிற வரைக்கும்தான் அவகாசம்.

நாடாக் கொப்பியிலிருந்து ஒரு படத்தைத் தியேட்டர் தரத்துக்கு மீட்க முடியாது. அது உண்மை. ஆனால் எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி, எந்தப் பாட்டு எங்கே வருகிறது, எந்த றீல் குறைகிறது என்பதை அது சொல்லும். ஒலியாவது அதிலிருந்து கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காதபோது அதுவே படம். கசெற் மட்டுமல்ல, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்ரில் படங்கள், இலங்கை வானொலியில் பதிந்த பாட்டு, நடித்தவரின் அல்பம், தயாரிப்பாளரின் பழைய கடிதக்கட்டு, எல்லாம் வேண்டும். உரிமைப் பத்திரம் இல்லாமல் எந்தக் காப்பகமும் படத்தைத் தொடாது. தயாரிப்பாளரின் பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பார்கள். அந்த நாலு பேரும் எங்களில் யாருக்கோ தெரிந்தவர்கள்தான்.

தொடங்குவதென்றால் 'பொன்மணி'யிலிருந்து தொடங்கலாம். பத்திராஜ சிங்களவர்களுக்கும் பெரிய கலைஞர். அவருடைய படங்களை மீட்க வேண்டும் என்று நினைக்கிற சிங்கள நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்டால் ஒரு தமிழ்ப் படமும் அந்த வரிசையில் நிற்கும். தனியே நின்று கேட்பதைவிட அது சுலபம்; நியாயமும்கூட. ஹெந்தளையில் ஒன்றாக எரிந்தவை மீளும்போதும் ஒன்றாகவே மீளட்டும்.

அந்தக் கடைக்காரர் இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். கசெற் அடுக்கியிருந்த சுவரில் கைத்தொலைபேசிகள் தொங்குகின்றன. போன மாதம் கண்டபோது, பழைய கசெற்றுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு பெட்டி மட்டும் இன்னும் கீழே கிடக்கிறது, எறிய மனம் வரவில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு டெக்கைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.